வெல்வெட் திரையின் நாலாம் பாகம்

கத்திரி அக்கா அழ ஆரம்பித்துவிட்டால் சபையில் பாதிப் பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஊரைக் கூட்டுகிற அழுகை இல்லை அது. பாவ அறிக்கை ஜெபத்துக்குத் தலை குனிவாள், தோள் குலுங்கும், மடியில் பொட்டுப் பொட்டென்று விழும். ஜெபம் முடிந்து எல்லாரும் பாட்டுக்கு எழுந்து நிற்பார்கள். அவள் மட்டும் கண்ணைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, இரண்டாம் சரணத்துக்குத்தான் எழும்புவாள். தாய்மார்கள் பிள்ளைகளை இடித்து, "பாரு, ஆண்டவர் முன்னால மனசு உடையறதுன்னா அதுதான்" என்று காட்டுவார்கள்.

அவள் உட்காருகிற இடமும் எல்லாருக்கும் தெரியும். இடதுபக்கத் தூணுக்குப் பின்னால். முன்னால் எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் அங்கேதான். அதையும் தாழ்மை என்றுதான் சபை எடுத்துக்கொண்டது. அந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதகர் தெரிவார், பாடகர் குழு தெரியும், பீடத்துக்குப் பின்னால் தொங்குகிற திரை மட்டும் தெரியாது என்பதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கத்திரி என்பது தொழிலால் வந்த பெயர். பெரிய தையல்கூடம் ஒன்றில் துணி வெட்டுகிறவள் அவள். கூடத்துக்கு நடுவில் கட்டில் மாதிரி நீளமான மேசை, சுற்றிலும் மிஷின்கள், மேலே குழல்விளக்குகள். மேசைக்குத் தலைமாட்டில் அவள் நின்று கத்திரியைத் திறந்தால் மிஷின் ஓட்டுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் காலை எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். கட்டிக்கொண்டவர் லாரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் ரோட்டில், மீதி நாள் தூக்கத்தில். "எங்க வீட்டுல அவருக்கு ஸ்டியரிங், எனக்குக் கத்திரி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்றதில்ல" என்று சிரிப்பாள். நல்ல வாய். கூடத்தில் அவள் இருக்கிற நாள் கலகலப்பு, இல்லாத நாள் மிஷின் சத்தம் மட்டும்தான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாக்குக்கட்டியால் அளவு போடுகிறவர் வெட்டக்கூடாது, வெட்டுகிறவர் அளவு போடக்கூடாது. இரண்டு பேர் கண் படட்டும் என்று கூடத்தை நடத்துகிற மாஸ்டர் வைத்த சட்டம். அக்காவுக்கு அளவு போட்டுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை, அவள் ஓரகத்தி. புருஷனின் தம்பி பெண்டாட்டி. வீட்டிலும் கூடத்திலும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சின்னவளை அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுவந்ததே அக்காதான். அக்காவின் அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண். தாய் இல்லாமல் அத்தை கையில் வளர்ந்தது. கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது, "எங்கேயும் தேட வேண்டாம், நான் பாத்து வச்சிருக்கேன்" என்று போய்ப் பேசி முடித்தாள். கல்யாணமாகி வந்த புதுசில் சமையல் கற்றுக்கொடுத்தாள், பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்தாள், பிறகு கூடத்தில் வேலையும் வாங்கிக்கொடுத்தாள். சின்னவள் சாக்குக்கட்டியைப் பிடித்து அளவு போட்டால் கோடு தலைமுடி மாதிரி இருக்கும். அவள் போடுகிற அம்புக்குறிக்கு வாலில் ஒரு சின்ன வளைவு உண்டு. எழுதி முடித்த கை கிளம்புகிற அவசரத்தில் விழுகிற வளைவு. அக்கா அதைக் கிண்டல் பண்ணுவாள்: "ஏண்டி, அம்பு போடறியா, எலி போடறியா?"

இப்போது வெல்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெல்வெட்டுக்குப் பூனை மாதிரி ரோமம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுவென்று படுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் தடவினால் முறைத்துக்கொண்டு எழும்பும். ரோமம் மேலே பார்த்தால் நிறம் ஆழமாக இருக்கும், கீழே பார்த்தால் வெளுத்துப் பளபளக்கும். அதனால் பின்பக்கத்தில் அம்பு போட்டு, ரோமம் எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். எத்தனை துண்டு வெட்டினாலும் எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மாறினாலும் தைத்து மாட்டின பிறகு வேறு துணி மாதிரி நிற்கும்.

சபை புதுக் கட்டடம் கட்டியபோது பீடத்துக்குப் பின்னால் தொங்கவிட மாஸ்டர் ஒரு திரை கொடுப்பதாகச் சொன்னார். கருஞ்சிவப்பு வெல்வெட், நாலு பாகம், மேலே வில் மாதிரி வளைந்து வர வேண்டும். சின்னவள் அளவு போட்டு, ஒவ்வொரு பாகத்திலும் அம்பு போட்டு வைத்தாள். அக்கா முதல் இரண்டு பாகத்தையும் ஒழுங்காக வெட்டினாள். கடைசி இரண்டுக்கு வரும்போது மனசு வீட்டில் இருந்தது. லாரிக்காரர் வெகுநாள் கழித்துத் திரும்பி வருகிற நாள் அது. சீக்கிரம் போக வேண்டும்.

கடைசித் துணியை இரண்டாகக் கிழித்து, இரண்டாவதைச் சுற்றித் திருப்பி, அம்போடு அம்பு சேர்த்து, அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். அக்கா கிழிக்கவில்லை. அப்படியே நடுவில் மடித்துப் போட்டாள். மேலே தெரிந்த அம்பு சரியாக இருந்தது. அடியில் இருந்த அம்பு மேசையைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது. மடித்தால் ஒரு அடுக்கின் ரோமம் தலைகீழாகிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனாலும் கை போய்விட்டது. ஒரே வெட்டு, இரண்டு பாகம், வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கட்டடம் திறக்கிறதுக்கு முந்தின நாள் காலையில் திரையை மாட்டி விளக்கைப் போட்டார்கள். மூன்று பாகம் கருஞ்சிவப்பாக நின்றது. வலதுகோடியில் நாலாவது பாகம் மட்டும், யாரோ சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்ட மாதிரி வெளுத்து நின்றது.

மாஸ்டருக்கு முகம் தொங்கிப்போனது. அதே சாயத்தில் வேறு துணி கிடையாது. திருப்பிப் போடலாம் என்றால் வில் வளைவு கீழே வந்துவிடும். கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "உள்பக்கம் அம்பைப் பாருங்க. அம்பு யாரைச் சொல்லுதோ அவங்கதான் பதில் சொல்லணும்."

ரோமம் கீழே பார்ப்பதால்தான் வெளுத்தது; அம்பும் கீழே பார்த்தால் அம்பு சரி, குற்றம் வெட்டினவள் மேல். அம்பு மேலே பார்த்தால் குற்றம் அம்பு போட்டவள் மேல். அவ்வளவுதான் கணக்கு.

அந்த நேரம் பார்த்து எலக்ட்ரீஷியன் மாஸ்டரை வெளியே கூப்பிட்டான். சின்னவள் எல்லாருக்கும் டீ வாங்கப் போயிருந்தாள். திரைக்குப் பின்னால் அக்கா தனியாக நின்றாள். லைனிங் துணி கீழே தைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தாள். நாலாவது பாகத்தின் அம்பு கீழே பார்த்து, வாலில் வளைவோடு, ஒழுங்காக இருந்தது. இத்தனை வருஷப் பெயர், மேசையின் தலைமாடு, மிஷின்காரர்கள் பார்க்கிற பார்வை எல்லாம் அந்த ஒரு அம்பில் தொங்கியது. கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அம்பைத் தேய்த்தாள். இடுப்புப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தாள். மேலே பார்க்கிற மாதிரி புது அம்பு போட்டாள். வாலில் வளைவையும் மறக்காமல் போட்டாள்.

மாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். டீத்தட்டோடு வந்த சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நான் சரியாத்தான் மாஸ்டர் போட்டேன்" என்றாள் சின்னவள். அப்புறம் குனிந்து பார்த்தாள். அந்த வளைவைப் பார்த்தாள். "என் கைதான்" என்று மெதுவாகச் சொன்னாள். "எப்படிப் போட்டேன்னு தெரியலையே."

அதைவிடக் கேவலம் ஒன்று அதற்கப்புறம் நடந்தது. அக்கா மாஸ்டர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "சின்னப் பொண்ணு மாஸ்டர், தெரியாம பண்ணிட்டா, விட்டுடுங்க" என்று கெஞ்சினாள். மறுநாள் புதுக் கட்டடத்துக்கு வந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்தார்கள், யாருடைய தப்பு என்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்தது.

சின்னவளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளே நின்றுவிட்டாள். "என் கண்ணை நானே நம்ப முடியலக்கா. நாளைக்கு ஒருத்தர் கல்யாணத் துணியைக் கெடுத்துட்டா?" என்றாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்து படுக்கை விரிப்பு மடித்தாள். "வெள்ளை விரிப்புக்கு மேலும் கிடையாது கீழும் கிடையாது. நம்ம கண்ணுக்கு அதுதான் சரி" என்று சிரித்துக்கொள்வாள். கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வேறு டாக்டரிடம் போனாள், அவரும் அதையே சொன்னார். டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு கடையில் போய்க் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். அது எப்போதும் மூக்கு நுனிக்கு வந்து நிற்கும். மேலே தள்ளித் தள்ளியே அவளுக்கு ஒரு விரல் பழகிவிட்டது.

வருஷங்கள் ஓடின. அக்கா சும்மா இருக்கவில்லை. சின்னவளுக்கும் அவள் மகளுக்கும் புதுத்துணி என்றால் அக்கா தைத்ததுதான். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அந்த வீட்டுக்கு. சின்னவள் காய்ச்சலில் படுத்தால் அக்கா வேலைக்குப் போகமாட்டாள். சின்னவள் பார்க்கிறவர்களிடமெல்லாம், "கூடப்பிறந்திருந்தாக்கூட இப்படி இருக்கமாட்டாங்க. அன்னிக்கு எனக்காக மாஸ்டர்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அக்காவுக்கு அந்த நன்றி ஒவ்வொன்றும் நகக்கண்ணில் ஊசி ஏறின மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுவாள். அழுது முடித்தால் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவின் வீட்டுக்கு மைக் அம்மா வந்தாள். பெண்கள் சங்கத்தின் தலைவி. கையில் மைக் கிடைத்தால் திருப்பிக் கொடுக்கமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு சின்னவளும் அங்கே இருந்தாள்.

"அடுத்த மாசம் பெண்கள் ஞாயிறு. ஆராதனை முழுக்க நம்ம பொறுப்பு. பிரசங்கத்துக்குப் பதிலா ஒருத்தர் சாட்சி சொல்லணும். தலைப்பு மனந்திரும்புதல். நீதான் பேசற."

"நானா? எனக்கென்ன பேசத் தெரியும்?"

"பேசவே வேணாம். நின்னு அழுதாலே போதும். சபையே உருகிடும்."

"வேற யாரையாவது கேளுங்கம்மா."

"வேற யாரைக் கேக்கறது? பாடகர் குழுக்காரியைக் கேட்டா, நான் என்ன பாவம் பண்ணினேன்னு சண்டைக்கு வர்றா. நீ ஒருத்திதான் பாவின்னு ஒத்துக்கற."

சின்னவள் கையைத் தட்டினாள். "அக்கா, பேசுங்கக்கா! நான் முன்வரிசையில உக்காந்து கேப்பேன்." மைக் அம்மா அக்காவின் பெயரை உறுதிப்படுத்திக்கொண்டு போனாள். சின்னவள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனாள். "நம்ம பொண்ணு தையல் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாக்கா. முடியாதுன்னுட்டேன். என் கண்ணுதானே அவளுக்கும் வந்திருக்கும். நான் பட்ட அவமானம் அவளுக்கு எதுக்கு?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். தான் தேய்த்தது ஒரு அம்பை மட்டும் இல்லை, இன்னும் பிறக்காத அம்புகளையும் சேர்த்துத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் போதகர் வீட்டுக்குப் போனாள். பேச முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். போதகர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி பாஸ்டரம்மா கொல்லைப்புறத்தில் துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள், பல்லுக்கு நடுவில் இரண்டு கிளிப்போடு. அக்காவைவிட வயதில் இளையவள்.

"வாங்கக்கா. அந்த விரிப்போட மறுமுனையைப் பிடிங்க, காய்ஞ்சுடுச்சு, மடிக்கணும்."

அக்கா பிடித்துக்கொண்டு, விரிப்பையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "பாஸ்டரம்மா, ஒருத்தி ஒரு தப்புப் பண்ணிட்டு வருஷக்கணக்கா அழறா. ஆண்டவர் மன்னிச்சிருப்பாரா?"

"அழுததுக்காகவா?"

"ஆமா. அவ்வளவு அழுதிருக்கா."

பாஸ்டரம்மா கிளிப்பை எடுத்துக் கொடியில் குத்தினாள். "அழுகைக்குக் கூலியா மன்னிப்புக் கிடைக்கிறதுன்னா இயேசு எதுக்குக்கா சிலுவைக்குப் போகணும்? நாமளே அழுது அழுது சம்பாதிச்சுக்கலாமே. மன்னிப்பு அங்கேயே ஆயிடுச்சு. இனிமே நாம சேர்த்துக் குடுக்க ஒண்ணும் பாக்கி இல்ல."

"அப்போ மனந்திரும்புறது எதுக்கு? எல்லாம் ஆயிடுச்சுன்னா அப்படியே இருந்துடலாமே."

"இருக்கலாம், வெளியில. கதவு திறந்துதான் கிடக்கு. கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்து அழுதா உள்ள எப்படிக்கா போறது? எழுந்து இந்தப்பக்கம் பாக்கணும்ல? அதுக்குத்தான் மனந்திரும்புறதுன்னு பேரு. அதுக்கும் பலம் நம்மகிட்ட கிடையாது, அவரே குடுப்பாரு. இழுங்க, இழுங்க, சுருக்கம் விழுது."

அக்கா இழுத்துப் பிடித்தாள். "திரும்பினா அவ என்னை விட்டுப் போயிடுவாளே" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பாஸ்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. விரிப்பின் தன் முனையைத் தூக்கிக்கொண்டு அக்கா பக்கம் நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஒருத்தி எதுக்குக்கா அழறா? பண்ணினதுக்கா, மாட்டிக்குவோமோன்னா?"

பதில் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இத்தனை காலம் கொட்டின கண்ணீரில் பாதிக்குமேல் பயம். பேச முடியாது என்று சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பினாள்.

வேலைக்குப் போகவில்லை. சபைக்குப் போனாள். பெருக்குகிறவர் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. தூணுக்குப் பின்னால் போகாமல் நேரே பீடத்துக்கு முன்னால் போய் நின்று, கட்டடம் திறந்த நாளுக்கப்புறம் முதல் தடவையாகத் திரையை முழுசாகப் பார்த்தாள். வலதுகோடி பளிச்சென்று காட்டிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றிவிட்டு வேறு போட எத்தனை தடவை பேச்சு வந்தது, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தட்டிப்போனது. தன்னைக் குத்திக்காட்டத்தான் ஆண்டவர் அதைத் தொங்கவிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் இருந்தால் எப்போதோ ஊரறிய மாட்டிவிட்டிருக்கலாம். மாட்டிவிடாமல், விட்டும் போகாமல், இத்தனை வருஷம் அங்கேயே நின்று, நீயே வா, நீயே வா என்று ஒருவர் காத்திருந்த மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் ஆச்சரியம். கால்தான் திரும்பியது.

சின்னவள் வீட்டு அடுக்களையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் அவளுக்கு அன்றைக்குப் பிற்பகல் வேலை. "என்னக்கா, கூடத்துக்குப் போகலையா? முகம் ஏன் இப்படி இருக்கு? மாமா நல்லா இருக்காரா?"

"அந்தத் திரையில அம்பை நீ சரியாத்தான் போட்டே" என்றாள் அக்கா. உட்காராமலே சொன்னாள். "நான்தான் துணியை மடிச்சு வெட்டினேன். மாட்டிக்குவேன்னு பயந்து உன் அம்பை அழிச்சுட்டு வேற போட்டேன்."

சின்னவள் சிரித்தாள். "என்னக்கா, சாட்சிக்கு ஒத்திகையா?"

அக்கா சிரிக்கவில்லை. சின்னவளின் சிரிப்பு மெல்ல வடிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள், முந்தானையில் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "வால்ல வளைவு இருந்துச்சே" என்றாள்.

"உன்னை மாதிரியே போட்டேன்."

"எனக்காகக் கெஞ்சினீங்களே மாஸ்டர்கிட்ட."

"ஆமா."

"அதை நான் பிள்ளைக்குக் கதையா சொல்லி வளத்திருக்கேன்." சின்னவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "துணி, குழம்பு, காய்ச்சல்ல கஞ்சி... எல்லாம் இதுக்குத்தானா? ஒண்ணாவது எனக்காகக் குடுத்ததா?"

"மன்னிச்சுடுன்னு கேக்கறேன். குடுத்தே ஆகணும்னு கேக்கல" என்றாள் அக்கா.

"போங்க" என்றாள் சின்னவள். அக்கா வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது. "என் பேர் இந்த அடுக்களையில போகல! சபையில போச்சு!"

"தெரியும்" என்றாள் அக்கா திரும்பிப் பார்த்து. "அங்கேயே எடுத்துக் குடுக்கறேன்."

பெண்கள் ஞாயிறு வரைக்கும் சின்னவள் வரவும் இல்லை, பேசவும் இல்லை. அக்கா கிண்ணம் எதுவும் அனுப்பவில்லை. லாரிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரிவர்ஸ் எடுக்கிறதுதான் கஷ்டம். கண்ணாடியைப் பாத்து மெதுவா எடு, நான் பின்னால நின்னு சொல்றேன்" என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் பேசின உருப்படியான பேச்சு அது என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

அந்த ஞாயிறு சபை நிரம்பியிருந்தது. மைக் அம்மா மைக்கைக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள். அக்கா முன்வரிசையைப் பார்த்தாள். சின்னவள் இல்லை. தேடினாள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, மகள் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். வந்திருக்கிறாள், அது போதும்.

"நான் அழப்போறேன்னு எல்லாரும் கைக்குட்டையோட வந்திருக்கீங்க" என்றாள் அக்கா. சிரிப்பு எழுந்தது. "இன்னிக்கு அழுகை இல்ல. நான் இத்தனை வருஷம் அழுதது மனந்திரும்புதல் இல்ல. அழுதுக்கிட்டே அதே வழியில போயிட்டிருந்தேன்." திரையின் வலதுகோடியைக் காட்டினாள். மடித்தது, வெட்டினது, எச்சில் தொட்டுத் தேய்த்தது, வாலின் வளைவு, கையெடுத்துக் கும்பிட்டது, எதையும் விடாமல் சொன்னாள். "அவ கண்ணுல ஒரு குறையும் இல்ல. அவ கை போட்ட அம்பு சரி. நான் திருடி. இதைச் சொன்னா ஆண்டவர் மன்னிப்பாருன்னு சொல்லல. அவர் முதல்லயே மன்னிச்சு வச்சுட்டுக் கூப்பிட்டாரு, அதனாலதான் சொல்ல தைரியம் வந்துச்சு. அவருக்கு நன்றி."

மாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக் அம்மாவே பேச்சு மறந்து நின்றாள்.

அப்போது கடைசி வரிசையில் சின்னவள் எழுந்தாள். நடைபாதையில் விறுவிறுவென்று வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று முன்னால் இருந்த இரண்டு பேர் எழும்பியே விட்டார்கள். அவள் அக்காவைத் தாண்டி, பீடத்தைத் தாண்டி, திரைக்குப் பின்னால் போய்க் குந்தினாள். லைனிங்கைத் தூக்கினாள். கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

அந்தச் சாக்குக்கட்டி மெழுகு கலந்தது. தேய்த்தாலும் மெழுகு துணியில் இறங்கிவிடும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத அந்த மெழுகில் வருஷக்கணக்காகத் தூசி ஒட்டி ஒட்டி, பழைய அம்பு கருப்பாக எழும்பி வந்திருந்தது. மேலே பார்க்கிற வெள்ளை அம்புக்கு அடியில், கீழே பார்த்துக்கொண்டு, வாலில் வளைவோடு.

"இருக்கு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என் அம்பு இங்கேயே இருக்கு! கண்ணாடி இல்லாமலே தெரியுது!"

வெளியே வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "எத்தனை வருஷம்டி! இந்தக் கண்ணாடி என் மூக்கையே பள்ளமாக்கிடுச்சுடி!" ஓரகத்தியை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். அடித்த கையை அவள் எடுக்கவில்லை. அந்தத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மாஸ்டர், "கொஞ்ச நாளைக்குக் கத்திரியைத் தொடாதே, பட்டன் தை" என்றார். அக்கா மேசைத் தலைமாட்டை விட்டு மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள், முணுமுணுக்கவில்லை. சபையில் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள், அதையும் வாங்கிக்கொண்டாள். மாஸ்டர் சின்னவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். அவள் உடனே போய்விடவில்லை. வீடு தேடி இரண்டாம் தடவை வரவைத்து, டீ கொடுத்து, அவரைக் கொஞ்சம் வியர்க்க விட்டுத்தான் சரி என்றாள். மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். கண்ணாடியை மூட்டை கட்டி எங்கே போட்டாளோ தெரியாது, ஆனாலும் அந்த விரல் மட்டும் இன்னும் காலி மூக்கைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

சின்னவள் ரொம்ப நாளைக்கு அக்கா என்று கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் "இந்தாங்க" என்பாள். அக்காவும் எதிர்பார்த்து முகம் பார்க்கவில்லை. மழை பெய்த ஒரு மதியம், அவசரத் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவள், "அக்கா, ஊசியில நூல் கோத்துக் குடுங்க" என்றாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா நூலைக் கோத்தாள். முடிச்சுப் போட்டு நீட்டினாள்.

திரையை மாற்றிவிடலாம் என்று சபையில் மறுபடி பேச்சு வந்தபோது சின்னவள்தான் எழுந்து வேண்டாம் என்றாள். "என் அம்பு அதுக்குள்ள இருக்கு. விட்டுடுங்க." அதனால் வலதுகோடி இன்றைக்கும் வெளுத்தே தொங்குகிறது. அக்கா தூணுக்குப் பின்னால் போவதில்லை. சின்னவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து திரைக்கு நேர் முன்னால் உட்காரவைத்துவிடுகிறாள்.

அக்கா இப்போதும் அழுவாள். பாவ அறிக்கைக்குத் தலை குனிகிறாள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காய்ந்த கண்ணோடு நிமிர்ந்துவிடுகிறாள். நன்றிப் பாட்டு எடுக்கும்போதுதான் பொலபொலவென்று கொட்டுகிறது, பாட வராமல் திணறிப்போகிறாள். மைக் அம்மாவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல். "எல்லாரும் சந்தோஷமா கை தட்டற நேரம் பாத்து அழறாளே, முன்னெல்லாம் எவ்வளவு ஒழுங்கா இருந்தா!" என்கிறாள். சின்னவள்தான் கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறாள்.